கணினிக்கு வந்த காய்ச்சல்

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து நாலாம் நாள், லுஹருக்குப் பிறகு, எங்கள் வீட்டுக் கணினி நின்றுபோனது. தம்பி அதில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் குசினியில் உம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து முதலில் ஓர் இரைச்சல் வந்தது. தூரத்தில் நெல் குற்றும் மில் ஓடுவதைப் போன்ற இரைச்சல். அது கூடிக்கூடி வந்து, "டக்" என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிட்டது.

"ராத்தா, கரண்ட் போயிட்டு!" என்று தம்பி கத்தினான்.

கரண்ட் போகவில்லை. குசினி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். உயிர் வந்தது. விண்டோஸ் அடையாளம் திரையில் தோன்றிய சற்று நேரத்தில் மீண்டும் நின்றது. இரண்டாம் தரம் அழுத்தினேன். பத்து விநாடி கூட ஓடவில்லை. மூன்றாம் தரம் உள்ளேயுள்ள விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. நாலாம், ஐந்தாம் தரங்களைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் பெட்டியின் பக்கத்தகடு தேநீர்க் கேத்தலைப் போலச் சுட்டது.

பெருநாளைக்கு வந்த சாச்சியும் பிள்ளைகளும் ஹோலில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் தம்பியைப் பார்த்து, "நீதான் இத சாகடிச்ச! எந்த நேரமும் கேம், கேம்!" என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயது. எதற்கும் பதில் வைத்திருக்கும் வயது. அன்று வாய் திறக்கவில்லை. இரவு அவனுக்குப் பிடித்த வட்டிலப்பத்தையும் தொடவில்லை.

நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் கணினியின் விலையல்ல. அது பழைய கணினி. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்து, பாடங்கள் ஸூமில் நடந்த காலத்தில், வாப்பா புத்தளத்தில் ஒருவரிடம் பாவித்ததாக வாங்கினார். அதற்கு முன் நானும் தம்பியும் உம்மாவின் ஒரே கைத்தொலைபேசிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நான் பதறியது அதற்குள்ளே இருந்த பதினொரு குரல் பதிவுகளுக்காக. அவை எங்கள் உம்மும்மாவின் குரல்.

உம்மும்மா முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, கையில் அகப்பட்டதோடு புறப்பட்டுப் புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் குடியிருந்து, அங்கேயே என் உம்மாவுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர். அந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது இரண்டு வரிதான். மற்றது எல்லாம் அவருக்குள்ளேதான் இருந்தது. ஊரடங்குக் காலத்தில் நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், சும்மா இருக்க முடியாமல் உம்மாவின் கைத்தொலைபேசியை அவர் பக்கத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கினேன். கிணற்றடியில் எந்தப் பக்கம் மாமரம், மாடுகளுக்கு என்ன பெயர், புறப்படும் அன்று அடுப்பில் என்ன இருந்தது, கோழிகளைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் இரை போடச் சொல்லிவிட்டு வந்தது, எல்லாம் அவற்றில் இருக்கின்றன. பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக் கொஞ்ச நாளில் அந்தக் கைத்தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்தது. 2022இல் உம்மும்மா மௌத்தானார். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதன்பிறகு வாப்பாவும் உம்மாவும் தம்பியும் தண்ணீரூற்றில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். நான் புத்தளத்திலேயே தங்கிப் படிக்கிறேன். கணினியும் அவர்களோடு போனது. அனுராதபுரம், வவுனியா, மாங்குளம் என்று வந்து, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில், அரிசி மூடைகளுக்கு நடுவில், ஒரு லொறியின் பின்தட்டில். இந்த லொறிப் பயணத்தை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

வாப்பா கணினி திருத்தும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டார். பெட்டியைப் பார்க்காமலே "போர்ட் எரிஞ்சிருக்கும், புதுசா ஒண்டு எடுங்க" என்று பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், எங்கள் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் டீச்சருக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். விடுமுறையில் தொந்தரவு செய்கிறேனே என்ற பயம் ஒரு பக்கம். அஸருக்குப் பிறகு அவரே அழைத்தார்.

"முதல்ல சுவர்ல இருந்து பிளக்கைக் கழட்டுங்க. இனி விடியும் வரைக்கும் தொடவேணாம். அது நிண்டது நல்லதுக்குத்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் பொறுமையாகச் சொன்னார். ப்ரொஸஸர் என்பது விரல் நகத்தளவு சிலிக்கன் துண்டு. எங்களுடையதைப் போன்ற பழைய இரட்டைக்கரு ப்ரொஸஸர் முழு வேலை செய்யும்போது 65 வாட் வரை வெப்பத்தை வெளியிடும். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட முடியுமா? அதைவிடக் கூடுதலான வெப்பம் அந்த நகத்தளவு இடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் அதன்மேல் அலுமினியத்தாலான வெப்பந்தாங்கியை அழுத்திப் பொருத்தி, அதன்மேல் ஒரு விசிறியையும் வைத்திருக்கிறார்கள். வெப்பம் சரியாக வெளியேறாவிட்டால் ப்ரொஸஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு ஏறி, பல ப்ரொஸஸர்களில் 100 பாகை செல்சியசுக்கு அண்மையில் உள்ள அந்த எல்லையையும் தாண்டினால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே மின்சாரத்தை வெட்டச் சொல்லிவிடும். நின்றுபோவது நோயல்ல, தற்காப்பு. நான் ஐந்து தரம் பொத்தானை அழுத்தியது, மயங்கி விழுந்தவரைத் திரும்பத் திரும்ப எழுப்பி ஓடவிட்டது மாதிரி.

"மத்தது, கணினி செத்தாலும் ஹார்ட் டிஸ்க் வேறதான். அதைக் கழட்டி இன்னொரு கணினியில பூட்டிப் பார்க்கலாம். உம்மும்மாட குரல் போர்ட்ல இல்ல" என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அன்றிரவு தம்பியிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குற்றம் அவனுடையது என்றுதான் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களின் வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. தெற்கிலிருந்து தொடங்கி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எங்கள் முல்லைத்தீவுக்கு மேலே வந்து நிற்கும். அந்த நண்பகலில் வளவில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. கணினி இருந்த அறைக்குக் கூரை சீற். கணினிக்கு இது ஏன் முக்கியம் என்றால், விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலிருக்கும் காற்றை எடுத்து வீசுகிறது, அவ்வளவுதான். அறைக்காற்று பத்துப் பாகை கூடுதலாகச் சுட்டால் ப்ரொஸஸரும் ஏறக்குறைய பத்துப் பாகை கூடுதலாகச் சுடும். பேஸ்புக் நிறுவனம் 2013இல் தன்னுடைய பெரிய தரவு நிலையம் ஒன்றைச் சுவீடனின் வடக்கே லூலியோ நகரில் திறந்ததற்கு ஒரு காரணம், அங்கே வெளிக்காற்றாலேயே கணினிகளைக் குளிர்விக்கலாம் என்பது. நாங்களோ எங்களுடையதைத் தண்ணீரூற்றில், சீற் கூரைக்குக் கீழே, அலுமாரியின் மூலைக்குள் வைத்திருந்தோம்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன், வாப்பாவும் நானும் பெட்டியை விறாந்தைக்குத் தூக்கி வந்தோம். பிளக் கழற்றியபடி பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிவதற்காக. இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார்: வயர் வந்து சேரும் அந்தத் தகரப்பெட்டியை, அதுதான் பவர் சப்ளையை, எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி எறியும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வீட்டில் முயன்று பார்ப்பவர்கள் இதையாவது மறக்க வேண்டாம்.

பெட்டியைத் திறக்குமுன் அதன் உறையைக் கழற்ற வேண்டியிருந்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

அது கறுப்பு வெல்வெட் உறை. ஓரத்தில் வெள்ளி நூலால் பூ. நானே தைத்தது. அயல் ஒழுங்கையின் கிரவல் புழுதி படிகிறது என்று, முந்தைய விடுமுறையில் இரண்டு நாள் உட்கார்ந்து அளவெடுத்து, பின்பக்கமும் மூடும்படி இலாஸ்ரிக் வைத்துத் தைத்தேன். சாச்சி பார்த்து, கடையில் வாங்கியதா என்று கேட்டதில் எனக்கு ஒரே பெருமை. தம்பி ஒவ்வொரு நாளும் விளையாடுமுன் அதைக் கழற்றிக் கட்டிலில் எறிவான். நான் போய், "புழுதி போகும்டா" என்று ஏசிவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவேன், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே. பெட்டியின் பின்னால் உள்ள துளைகள் சூடான காற்று வெளியேறும் வாசல். அந்த வாசலை இரண்டு மடிப்பு வெல்வெட்டால் அடைத்துக்கொண்டிருந்தது நான்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உறையைக் கையில் வாங்கி, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோலப் பார்த்துவிட்டு, கதிரையில் வைத்தார்.

பக்கத்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு குருவிக்கூடு. வெப்பந்தாங்கியின் அலுமினிய இதழ்களுக்கிடையே புழுதியும் நூலும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன. அந்த நூலில் பாதி என் வெல்வெட்டிலிருந்து உதிர்ந்தது. சாயம் பூசும் புதுப் பிரஷ் ஒன்றால் மெதுவாகத் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதினோம். ஊதும்போது விசிறி தன்பாட்டில் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்னூட்டம் கையில் ஏறி நுண்ணிய பாகங்களைக் கெடுக்காமல் இருக்க, இடைக்கிடை பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

ஊதிக்கொண்டிருந்தபோது, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பிதான் குனிந்து, "வாப்பா, இது ஏன் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு?" என்று கேட்டான்.

வெப்பந்தாங்கியை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் போர்டோடு பிடித்துவைத்திருக்கின்றன. அந்த வகைப் பழைய கணினிகளில் இந்த ஊசிகள் பலவீனமான இடம் என்று டீச்சர் பிறகு சொன்னார். நான்கில் ஒன்று துளையிலிருந்து மேலே எழும்பியிருந்தது. அதனால் வெப்பந்தாங்கி ப்ரொஸஸரில் முழுதாகப் படாமல் ஒருபக்கம் மயிரிழை இடைவெளியோடு நின்றது. அந்த இடைவெளியில் இருப்பது காற்று. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பொத்தானை அழுத்திப் பத்து விநாடிக்குள் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். ஊசி எப்போது கழன்றது? ஏ-34 வீதியின் குழிகளிலா, அதற்கு முந்திய சொந்தக்காரரின் கையிலா, யாருக்குத் தெரியும். தம்பியின் கார் ஓட்டும் விளையாட்டு ஊசியைக் கழற்றாது. அது மட்டும் நிச்சயம்.

ஊசிகளின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி இழுத்தால் வெப்பந்தாங்கி கையோடு வரும். அடியில் பூசியிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. புதிய பசை வேண்டும். யூடியூபில் பார்த்தேன், பற்பசை பூசலாம் என்றான் தம்பி. அரை மனதோடு டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பற்பசையில் தண்ணீர் இருக்கிறது, காய்ந்ததும் மறுபடியும் இதே கதைதான் என்றார். வாப்பா மோட்டார் சைக்கிளில் முல்லைத்தீவு நகருக்குப் போய் ஒரு சிறு ஊசிக்குழல் பசையும், பாமசியில் ஸ்பிரிட்டும் வாங்கி வந்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் பழையதைத் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு பசை வைத்து, வெப்பந்தாங்கியை நேராக இறக்கினோம். ஊசிகளை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்த வேண்டும். அழுத்தும்போது போர்ட் வளைவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஒவ்வொன்றும் "கிளிக்" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். நாலாவது கிளிக்கை தம்பிதான் போட்டான்.

பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. ஆனால் திரை கறுப்பு. பெட்டி "பீப், பீப்" என்று கத்தத் தொடங்கியது.

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சரோ, அழைப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "கத்துதா? அப்ப நல்லது. என்ன வருத்தமெண்டு அது சொல்லுது" என்றார். திரையில் காட்ட முடியாதபோது கணினி தன் குறையைச் சத்தத்தால் சொல்லும். நாங்கள் துப்புரவாக்கும்போது நினைவகத் துண்டு அசைந்துவிட்டதாம். அதைக் கழற்றி, பொன்னிறப் பற்களைத் தம்பியின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் தாமே பூட்டிக்கொள்ளும் வரை அழுத்தினோம்.

இம்முறை திரை வந்தது. ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் பக்கத்தில் திகதி: 2009 ஜனவரி 1. போர்டில் உள்ள, நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்துபோனால் கணினி காலத்தை மறந்து, போர்ட் செய்த காலத்துக்குத் திரும்பிவிடுமாம். 2009 ஜனவரியில் இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உம்மும்மா புத்தளத்தில் இருந்தார். வாப்பா அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நான் சரியான திகதியைப் போட்டேன்.

கோப்புறையைத் திறந்தேன். பதினொன்றும் இருந்தன. முதலாவதை அழுத்தினேன். ஒரு காகம் கரைகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், அதன்பின்: "ரெக்கோட் ஆகுதா மகள்?"

உம்மா குசினியிலிருந்து மாக் கையோடு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் பேசவில்லை. உம்மும்மா கோழிகளைத் திறந்துவிட்ட இடம் வரும்வரை கேட்டோம்.

கறுப்பு வெல்வெட் உறை இப்போது உம்மாவின் தையல் மெஷினை மூடியிருக்கிறது. கணினி ஜன்னலோரம் மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது.

தம்பியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாச்சியின் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசியதை அவர்களுக்கு முன்னால்தான் திருத்த வேண்டும், அவர்களோ போய்விட்டார்கள். கதிரையை விட்டு எழும்பி, "இருந்து விளையாடு" என்றேன். அவன் உட்காரவில்லை.

"முதல்ல இதையெல்லாம் பென் ட்ரைவ்ல போடுங்க ராத்தா" என்றான். தன் மேசை லாச்சியிலிருந்து பென் ட்ரைவை எடுத்து வந்தான். அது நிறைய அவனுடைய விளையாட்டுகள். ஒவ்வொன்றாக அழித்து இடம் எடுத்துத் தந்தான். பதினொன்றும் ஏறி முடியும்வரை பக்கத்திலேயே நின்றான்.

"கேமை எல்லாம் திரும்ப எடுத்துத் தருவீங்கதானே?" என்று கேட்டான்.

தருகிறேன் என்றேன். சாச்சி வீட்டுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.